பதில்: விட்டுவிட்டு இயங்கிய செங்கடல் துறைமுகங்களுக்கு என்ன பெயர்?

வணக்கம் ஐயா,

> ‘தற்காலிகத் துறைமுகம்’ போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது என்றே நினைக்கிறேன். வாதி அல்-ஜர்ஃபையே எடுத்துக்கொள்வோம். பண்டை எகிப்தின் கூஃபு மன்னர் காலத்தில், சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன், சூயஸ் வளைகுடாக் கரையில் இயங்கிய துறை அது. கடலுக்குள் 150 மீட்டருக்கும் மேல் நீளமாகக் கல்லால் அலைத்தடுப்பு கட்டியிருக்கிறார்கள். கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, சுண்ணாம்புக்கல் குன்றில் ஏறக்குறைய 30 நீண்ட அறைகளைக் குடைந்திருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைத் தற்காலிகம் என்று எப்படிச் சொல்வது?

தற்காலிகமாக இருந்தது ஆட்களின் தங்கல்தான். நைல் பக்கத்திலிருந்து பாலைவனம் கடந்து வருவார்கள், படகுப் பாகங்களைப் பொருத்திப் பூட்டுவார்கள், எதிர்க்கரையில் உள்ள சினாய்க்குப் போய்ச் செம்பும் நீலப்பச்சை மணிக்கல்லும் கொண்டுவருவார்கள். வேலை முடிந்ததும் படகுகளைக் கழற்றி அறைகளில் வைத்து, வாயிலைப் பெருங்கற்களால் அடைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். திரும்பி வரும் எண்ணம் இல்லாவிட்டால் அடைப்பானேன்? அந்தக் கற்களுக்கிடையில்தான் 2013-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தாலே குழுவினருக்கு, மெரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு கிடைத்தது. டூரா கல் வெட்டுமிடத்திலிருந்து கிசாவின் பெரிய பிரமிடுக்குக் கல் ஏற்றிப்போன குழுவின் அன்றாடக் கணக்கு அது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் (நாணல் தாள்களில்) இதுவரை கிடைத்தவற்றிலேயே மிகப் பழையவை இங்கே கிடைத்தவைதான்.

‘பருவத் துறைமுகம்’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். பருவம் என்றால் ஆண்டுதோறும் திரும்ப வரும். இங்கே அரசு எப்போது ஆள் அனுப்புகிறதோ அப்போதுதான் துறைக்கு உயிர். செலவு என்றால் பயணம் என்பதால் ‘செலவுத் துறை’ பழந்தமிழுக்குச் சரி, ஆனால் இன்று படிப்பவருக்கு நிதி அமைச்சகம்தான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: இடைவிடுதுறை.

‘இடைவிடாமல்’ எல்லார் வாயிலும் புழங்கும் சொல். அதன் எதிர்மறையை எடுத்துவிட்டால் பொருள் தானாக விளங்கும். வினைத்தொகை என்பதால் இடைவிட்ட, இடைவிடுகிற, இடைவிடும் என்று முக்காலமும் அடங்குகிறது. அதே கடலோரத்தின் மற்றப் பழைய எகிப்தியத் துறைகளான ஐன் சுக்னாவுக்கும் மெர்சா கவாசிஸுக்கும் இதே சொல் பொருந்தும். கவாசிஸ் குகையில் கப்பல் கயிறுகள் சுருட்டி வைத்தபடியே சுமார் 3,800 ஆண்டுகள் கிடந்தன. எகிப்தியர் கடல்வழியே சரக்கு வாங்கப் போன புந்துவின் பெயரோடு, ‘புந்து நாட்டு அற்புதங்கள்’ என்று எழுதிய சரக்குப் பெட்டியும் அங்கே கிடைத்தது. அடுத்த பயணம் உண்டு என்று நம்பி வைத்துப் போனவர்களின் கயிறுகள் என்றே அவற்றை நான் பார்க்கிறேன்.

அப்புறம், குடைந்த அறைகளுக்குச் ‘சுரங்கம்’ வேண்டாம். சினாய்ச் சுரங்கங்கள் அதே வாக்கியத்தில் வரும்போது குழப்பும். குடைவரைக் கோயில் போல ‘குடைவரைக் கிடங்கு’ எனலாம்.

கழற்றிச் சுமந்து மீண்டும் பூட்டும் அந்தக் கலத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. கட்டுமரத்தை அவிழ்த்து உலர்த்திவிட்டுத் திரும்பக் கட்டும் வழக்கம் நம் கரையோரங்களில் உண்டு. அந்த வேலைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.