செகண்ட் ஹேண்ட் கார், டாப் வேரியன்ட், காலையில் டாஷ்போர்டு முழுக்க வார்னிங் லைட்: வாங்கலாமா?

கைமாற்று_வண்டி:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறேன், பணம் இன்னும் கொடுக்கவில்லை. ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் ஆட்டோமேட்டிக், அந்த மாடலிலேயே டாப் வேரியன்ட். சன்ரூஃப், லேன் அசிஸ்ட் (வண்டி தடத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது), முன்னால் ரேடார், பிளைண்ட் ஸ்பாட் சென்சார், பெரிய டச் ஸ்கிரீன், எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக், சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைத்து மறுபடி கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் என்று அந்தக் காலத்தில் என்னென்ன வந்ததோ எல்லாம் இருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் குறை தெரியவில்லை.

ஆனால் ஓரிரு நாள் நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஏபிஎஸ், டிராக்ஷன், ஸ்டியரிங், லேன் கேமரா எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் எரிகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் லேன் கேமராவைத் தவிர மற்றதெல்லாம் போய்விடுகிறது. விற்பவர் "சென்சார் தொந்தரவுதான், கோடு (வண்டி பதிவு செய்து வைக்கும் கோளாறு எண்) அழித்தால் சரியாகிவிடும்" என்கிறார். ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால் ஸ்டியரிங் மாட்யூல் (அதைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி), கேமரா இரண்டையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார், கேட்டதும் தலை சுற்றியது.

இரண்டு கேள்வி. இது உண்மையில் என்ன கோளாறு? இன்னொன்று, இவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் உள்ள பழைய வண்டியை வாங்குவதே வம்பா, பேசாமல் இதே மாடலில் பேஸ் வேரியன்ட் தேடலாமா?

மல்டிமீட்டர்:
எதையும் மாற்றுவதற்கு முன்னால் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். சம்பந்தமே இல்லாத நாலைந்து சிஸ்டம் ஒரே நொடியில் கெட்டுப்போகாது. அப்படிக் காட்டினால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று சரியில்லை என்று அர்த்தம்: பேட்டரி, எர்த் ஒயர், அல்லது மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைன். நின்ற பிறகுதான் வருகிறது, ஓடினால் போகிறது என்கிறீர்களே, அது பேட்டரியைத்தான் கை காட்டுகிறது.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், கதவைத் திறந்து மூடி விளக்கெல்லாம் எரியவிடாமல் வோல்டேஜ் பாருங்கள். 12.6-க்குப் பக்கத்தில் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0-க்கும் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். செல்ஃப் மோட்டார் இழுக்கிற அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் விழுந்தால் எலக்ட்ரிக் ஸ்டியரிங்கும் ஏபிஎஸ்ஸும் "எனக்குப் போதிய கரண்ட் இல்லை" என்று கோடு எழுதி வைத்துவிடும். அந்தக் கோடைப் படித்துவிட்டு மாட்யூலையே மாற்றுவது பலருடைய பழக்கம்.

பேட்டரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை வேண்டும். சாதா பேட்டரி போட்டிருந்தால் அடிக்கடி ஸ்டார்ட் ஆகும் சுமையைத் தாங்காது.

பழைய_கார்புரேட்டர்:
தம்பி, ரொம்ப யோசிக்காதீர்கள், பேஸ் மாடலைப் பாருங்கள். இல்லாத பாகம் கெட்டுப்போகாது. முன்பெல்லாம் ஹெட்லைட் போனால் பல்பை வாங்கி நாமே மாற்றுவோம், இப்போது பல வண்டிகளில் எல்இடி ஒன்று செத்தால் முழு லைட் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். சைடு மிரர் உடைந்தால் அதற்குள் மோட்டார், ஹீட்டர், கேமரா, இண்டிகேட்டர், பிளைண்ட் ஸ்பாட் விளக்கு. பின் பிரேக் பேட் மாற்றக்கூட எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கை ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். ஸ்பேனரை வைத்துச் செய்த வேலைக்கு லேப்டாப் கேட்கிற காலம்.

ஸ்பேனர்செட்:
கார்புரேட்டர் அண்ணன் சொல்வதில் செலவுப் பகுதி சரி. நம்பகத்தன்மைப் பகுதியில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் பெயரில் இருக்கிற கார்புரேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஒழித்த எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் ஒரு காலத்தில் "இதெல்லாம் கெட்டால் யார் பார்ப்பது" என்று பயமுறுத்திய விஷயம்தான். சோக் இழுத்து, ட்யூனிங் செய்து, பாயிண்ட் தேய்த்து ஓட்டிய நாட்கள் திரும்ப வேண்டும் என்று எந்த மெக்கானிக்கும் கேட்கமாட்டார்.

நான் ஷெட்டில் பார்க்கிற வரை, வசதியை எண்ணிப் பயப்படுவதில் பலன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது செத்தால் வண்டி நிற்குமா, ஓடுமா? இதை வெளியே சரிசெய்ய முடியுமா, அல்லது கம்பெனி சர்வர் அனுமதி இல்லாமல் புதுப் பாகம் உயிர் பெறாதா? லேன் அசிஸ்ட் செத்தால் வண்டி ஓடும், நீங்கள்தான் ஸ்டியரிங் பிடிக்கிறீர்கள். பின் கேமரா செத்தால் கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஏர் சஸ்பென்ஷன் கதை வேறு. ரப்பர் பையில் வெடிப்பு விழுந்து காற்று கசியும், அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் எரியும், வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். சில நிறுவனங்களில் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டீரியோ, மீட்டர் எல்லாம் பூட்டப்பட்டிருக்கும், ஆன்லைனில் அவர்கள் திறந்துவிட்டால்தான் முழுதாக வேலை செய்யும். பழைய பாகம் கிடைத்தும் பயன்படாது. எனக்கு இந்தப் பூட்டுதான் பிடிக்காத விஷயம், சென்சார் அல்ல.

எல்லோரும் ஸ்கிரீனையும் சென்சாரையும் பார்த்துப் பயப்படுகிறார்கள், பெரிய பில் வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத தொழில்நுட்பத்தில்தான். உங்கள் ஆட்டோமேட்டிக் எந்த வகை? டார்க் கன்வர்டரா, சிவிடியா, டூயல் கிளட்ச்சா? டூயல் கிளட்ச்சிலும் உலர் கிளட்ச் வகை என்றால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடாகித் தேயும். நின்ற இடத்திலிருந்து மெதுவாக நகரும்போது உதறுகிறதா பாருங்கள். எஞ்சின் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, இன்டேக் வால்வின் பின்புறத்தைக் கழுவ ஒன்றும் இல்லை, அங்கே கரி படியும். சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, தவறான ஆயில் ஊற்றியிருந்தாலோ தாமதமாக மாற்றியிருந்தாலோ பெல்ட் உதிர்ந்து அந்தத் துகள் ஆயில் வடிகட்டியை அடைக்கும். அதே எஞ்சின், கியர்பாக்ஸ் என்றால் இவை மூன்றும் பேஸ் மாடலிலும் அப்படியே இருக்கும்! டாப் வேரியன்ட்டை விட்டுவிட்டு பேஸ் வாங்கினால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள்.

சன்ரூஃப் இருக்கிறதல்லவா, அதன் மூலைகளில் தண்ணீர் வடிய மெல்லிய குழாய் இருக்கும். இலை, தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். சில வண்டிகளில் மாட்யூலும் கனெக்டரும் சீட்டுக்கு அடியிலேயே இருக்கின்றன. கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள், ஈரம் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கைமாற்று_வண்டி:
எல்லோருக்கும் நன்றி. மீட்டரோடு போய்ப் பார்த்தேன். நின்றிருந்த வண்டியில் 12.1. செல்ஃப் அடிக்கும்போது 9-க்கும் கீழே இறங்கியது. எஞ்சின் ஓடும்போது 14.2. பேட்டரியில் ஏஜிஎம், ஈஎஃப்பி என்று எதுவும் இல்லை, சாதா வகை. கார்ப்பெட் எல்லாப் பக்கமும் காய்ந்துதான் இருக்கிறது. கியர்பாக்ஸ் டார்க் கன்வர்டர், நகரும்போது உதறவில்லை. எஞ்சின் டைரக்ட் இன்ஜெக்ஷன் இல்லை, டைமிங் செயின்தான்.

இன்னொன்று கவனித்தேன். முன் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரை மற்ற கண்ணாடிகளில் இருப்பதைப் போல இல்லை. கேட்டதற்கு, கல் பட்டு உடைந்ததால் மாற்றினோம் என்று விற்பவரே சொல்லிவிட்டார். லேன் கேமரா லைட் மட்டும் போகாததற்கு இதுதான் காரணமா?

மல்டிமீட்டர்:
மற்ற லைட்டுகளுக்கு விடை கிடைத்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 14.2 கொடுக்கிறது, அது நலம். சரியான வகை பேட்டரி போடுங்கள், அல்லது விற்பவரையே போடச் சொல்லுங்கள். சில வண்டிகளில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் மூலம் வண்டிக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையது என்று நினைத்தே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். போட்ட பிறகும் ஒரே ராத்திரியில் சார்ஜ் இறங்கினால் எங்கோ கரண்ட் கசிகிறது. வண்டியைப் பூட்டி, எல்லா மாட்யூலும் தூங்கும்வரை காத்திருந்து அளந்தால் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே அளந்தால் பெரிய எண்ணாகத்தான் காட்டும்.

ஸ்பேனர்செட்:
கேமராவுக்குக் கண்ணாடிதான் காரணம் என்று நானும் நினைக்கிறேன். லேன் கேமரா முன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறது. கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி கேலிபரேட் செய்ய வேண்டும், அதாவது அதன் பார்வையைத் துல்லியமாகச் சரிசெய்ய வேண்டும். சில வண்டிக்குச் சமதளத்தில் நிறுத்தி, முன்னால் குறிப்பிட்ட தூரத்தில் பலகை வைத்துச் செய்வார்கள், சிலவற்றுக்குக் கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டியே செய்யலாம், சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். கேமரா கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கேலிபரேஷன் முயற்சித்து அது தோற்றால் மட்டும் புதுக் கேமரா பற்றிப் பேசுங்கள். அதே போல பின் பம்பரை எப்போதாவது பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா கேளுங்கள், பிளைண்ட் ஸ்பாட் ரேடார் அதற்குப் பின்னால்தான் இருக்கும், தடிமனான பட்டி அதன் கண்ணை மறைக்கும்.

இந்தப் புது வசதிகளின் உண்மையான செலவு எனக்குத் தெரிந்து இதுதான். அந்தப் பாகம் தானாகக் கெடுவது குறைவு. கண்ணாடி, பம்பர், சஸ்பென்ஷன் என்று சம்பந்தமில்லாத ஒரு வேலை செய்தாலும் இதையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது கேலிபரேஷன் செலவும் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய_கார்புரேட்டர்:
சரி, கேமராவை விடுகிறேன். டச் ஸ்கிரீனை விடமாட்டேன். டெஸ்லாவில் 2021-ல் நடந்ததைப் பாருங்கள், 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ், சுமார் 1,35,000 வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். ஸ்கிரீனுக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி மெமரி சிப், எழுதி எழுதித் தேய்ந்து போனது. ஸ்கிரீன் செத்தால் ரிவர்ஸ் கேமராவும் போச்சு, கண்ணாடிப் பனி போக்கும் கட்டுப்பாடும் போச்சு. எஞ்சினே இல்லாத வண்டியை ஒரு மெமரி சிப் சர்வீஸுக்கு அனுப்புகிறது. 2022-ல் அங்கே 3ஜி நெட்வொர்க்கை மூடியபோது, வண்டியில் ஒரு குறையும் இல்லாமலேயே பல கார்களின் ரிமோட் வசதியும் அவசர அழைப்பும் நின்றுபோயின. ஸ்டீல் இருபது வருடம் தாங்கும், சாஃப்ட்வேர் தாங்குமா?

எண்ணிப்பார்:
அண்ணன் சொன்ன ஸ்கிரீன் விஷயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது, அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவர் மூன்று வருட வண்டிகளை வைத்து எடுக்கும் ஆய்வுகளில் அதிகப் புகார் வருவது இன்ஃபோடெயின்மென்ட்டில்தான் (ஸ்கிரீன், ஆடியோ, போன் இணைப்பு). ஆனால் அந்தப் புகார்களில் பெரும்பகுதி போன் கனெக்ட் ஆகவில்லை, குரல் புரியவில்லை என்கிற வகை, எரிச்சல்தான், வழியில் நிற்கவிடுவதில்லை. "நம்பகத்தன்மை குறைவு" என்று ஒரே சொல்லில் இரண்டையும் போடுவதால்தான் குழப்பம்.

தொழில்நுட்பம் கூடினால் கோளாறும் கூடும் என்பதும் நேர்கோடு கிடையாது. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் சாதா ஹைப்ரிட் கார்களுக்குப் பெட்ரோல் கார்களைவிட 26% குறைவான கோளாறுகள். அதில் பேட்டரி, மோட்டார், எஞ்சின் எல்லாமே உண்டு! அதே ஆய்வில், வெளியே பிளக் மாட்டிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு 146% அதிகம். ஏறக்குறைய ஒரே தொழில்நுட்பம், ஒன்று பல வருடம் தேய்த்துச் சரிசெய்யப்பட்டது, இன்னொன்று புதிது. அதனால் பழைய கார் வாங்கும்போது அந்த மாடல் வெளிவந்த முதல் வருடத்து வண்டியா, பிழைகள் திருத்தப்பட்ட பிந்தைய வருடமா என்று பாருங்கள். வேரியன்ட்டைவிட அது முக்கியம்.

வாங்குமுன் எல்லா மாட்யூலையும் படிக்கும் ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். மலிவான ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டும் காட்டும், ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போகாது. விற்பவர் கோடு அழித்தால் சரியாகிவிடும் என்று சொன்னாரே, அழித்திருந்தாலும் தெரியும்: ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) "முடியவில்லை" என்று காட்டும், அழித்த பிறகு ஓடிய தூரமும் பல வண்டிகளில் வரும். சில வண்டிகளில் ஓடிய கிலோமீட்டர் ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூலில் பதிவாகியிருக்கும், மீட்டரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் நமக்கு உதவுகிற இடம் இது, பழைய கேபிள் மீட்டரைத் திருப்பியதைக் கண்டுபிடிப்பது கடினம்.

கைமாற்று_வண்டி:
முழு ஸ்கேன் எடுத்தாயிற்று. ஏர்பேக்கில் ஒன்றும் இல்லை. ஏபிஎஸ், ஸ்டியரிங் இரண்டிலும் குறைந்த வோல்டேஜ் கோடுகள் மட்டும், கேமராவில் "கேலிபரேஷன் செய்யப்படவில்லை". கிலோமீட்டர் ஒத்துப்போகிறது. ரிப்போர்ட்டைக் காட்டி, பேட்டரியும் கேலிபரேஷனும் உங்கள் செலவு, இரண்டும் முடிந்து ஒரு வாரம் லைட் வராமல் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மெக்கானிக் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் இரண்டும் சேர்ந்தே சின்னப் பங்குதான். விற்பவர் முனகினார், ஆனால் சரி என்றுவிட்டார். கார்புரேட்டர் அண்ணா, ஸ்கிரீனை ஒருநாள் முழுக்க ஆன் செய்து பார்த்துவிட்டேன், ஏசிக்குத் தனிப் பட்டன் இருக்கிறது!

பழைய_கார்புரேட்டர்:
பட்டன் இருக்கிறதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. சாவி இரண்டும் கைக்கு வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கால ஸ்மார்ட் சாவிக்கு டூப்ளிகேட் போடுவது நினைத்ததைவிடச் செலவு.

எண்ணிப்பார்:
சாவியோடு இன்னொன்று. இந்த மாடலுக்கு போன் ஆப் இருந்தால் முந்தைய உரிமையாளரின் கணக்கை அவர் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள், ஸ்கிரீனிலும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். நீக்காவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவர் போனிலிருந்து பார்க்கலாம், சில மாடல்களில் கதவையும் திறக்கலாம்.