புதுப்பிப்பு: குதித்தால் சுடாத பிரச்சினை, இன்டர்நெட் லைன் காரணமில்லை

போன வாரம் கேட்டிருந்தேன்: பிரௌசரில் ஆடும் ஓடிச் சுடும் கேமில், இடப்பக்கம் ஓடிக்கொண்டே குதித்தால் துப்பாக்கி மட்டும் சுடுவதில்லை. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் எதற்கும் லைனைத்தான் திட்டுவோம், நானும் திட்டினேன். தம்பியின் ஹாட்ஸ்பாட்டிலும் அதே கதை.

கடைசியில் பார்த்தால், காரணம் என் 15 வெள்ளி (ரிங்கிட்) கீபோர்டு. மலிவான கீபோர்டுகளில் விசைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒரே கம்பி வலையில் இணைந்திருக்கும். சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவதை அது விட்டுவிடும். இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ்: நான் பிடித்திருந்த அதே மூன்று! நோட்பேடில் இரண்டு அம்புகளையும் அழுத்திக்கொண்டு ஸ்பேஸைத் தட்டினேன். இடைவெளியே விழவில்லை.

இப்போது ஏ, டபிள்யூவில் ஓட்டம், மௌஸில் சுடுவது. மௌஸ் தனிக் கருவி, அந்த வலைக்குள் வராது. சரி, இன்னும் நான்காம் கட்டத்தில் சாகிறேன். அது என் கைவரிசை.