தண்டையார்பேட்டை வீடு (குழு): மாடியில 3 டப்பு சொறி (ஜெல்லி மீன்)

பாக்கியம் அத்தை: மாடியில 3 டப்பு சொறி யாருது? நாத்தம் கீழ வரைக்கும் வருது. வெள்ளிக்கிழம வளைகாப்பு, ஞாபகம் இருக்கா?

விக்கி: நான்தான் அத்தை. வலையில ஏறுனது. செடிக்கு உரமாவும்னு எடுத்தாந்தேன்

ரேவதி அக்கா: மல்லித் தொட்டில 2 மக்கு போட்டுட்டேனே 😟

தேவா சித்தப்பா: உடனே எடும்மா. வெறும் கையால தொடாத, ரப்பர் கிளவுஸ் போட்டுக்கோ. செத்த சொறியும் கொட்டும். காஞ்சு கெடந்தாலும் நல்ல தண்ணி பட்டா கொட்டும்.

ரேவதி அக்கா: எடுக்க இன்னா இருக்கு சித்தப்பா, தண்ணியா போச்சு. தொட்டி விளிம்புல கண்ணாடி பேப்பராட்டம் ஒட்டிகினு இருக்கு

தேவா சித்தப்பா: அதான் சொல்றேன். சொறில நூத்துக்கு 95 தண்ணி, அதுவும் கடல் தண்ணி. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 20 கிலோ டப்புக்கு 650 கிராம் உப்பு வருது. உப்பு போக 350 கிராம் தேறுனா பெருசு, அதுலயும் செடிக்கு ஆவறது தழைச்சத்துதான். தொட்டில உப்பு போக வழி இல்ல. மொதல்ல இலை நுனி கருகும், அப்பறம் கொட்டும். மேல் மண்ணு ரெண்டு விரக்கட சுரண்டிப் போடு. 10 லிட்டர் தொட்டின்னா 30 லிட்டர் நல்ல தண்ணி மெதுவா ஊத்து, அடி ஓட்டையில வெளிய வரணும். போர் தண்ணி வேணாம், அதுவே உப்பு.

பாக்கியம் அத்தை: 30 லிட்டரா!! விசேஷத்துக்கு லாரி தண்ணி புடிச்சு வெச்சிருக்கேன், யாரும் தொடக்கூடாது

தீபா: அத்தை, மல்லி பாவம். ஊத்தட்டும்

விக்கி: மீன் அமிலம் மாதிரி வெல்லம் போட்டு ஊற வெச்சா?

தேவா சித்தப்பா: அழுகும்டா. மீன் கழிவுக்கு 1 கிலோவுக்கு 1 கிலோ வெல்லம் சரி. சொறி போட்டா அதோட தண்ணில வெல்லம் நீர்த்துடும், புளிக்காது. ஜப்பான்ல சொறிலேர்ந்து உப்ப நீக்கி, காய வெச்சு, சில்லு சில்லாத்தான் நெல்லுக்கும் மலையில நடுற கன்னுக்கும் போட்டுப் பாத்தாங்க. ஈரத்தப் புடிச்சு வெக்கும்னு. பச்சையா இல்ல.

குமார்: கல்பாக்கம் அணுமின் நிலையத்துல கடல் தண்ணி எடுக்கற வழிய அடைக்கறதும் இதானே?

விக்கி: அதேதான்ணா

ரேவதி அக்கா: அப்ப 3 டப்பையும் இன்னா பண்றது?

தேவா சித்தப்பா: தென்னைக்கு. அது உப்பு தாங்கும், உப்புல இருக்கற குளோரின் அதுக்கு வேணும். ஒரு மரத்துக்கு ஒரு டப்பு, மேல வேணாம். தூர்லேர்ந்து 5, 6 அடி தள்ளி வட்டமா ஒரு அடி ஆழம் பள்ளம். கீழ காஞ்ச எலை, நடுவுல சொறி, மேல மறுபடி எலை, தோண்டுன மண்ணு மொத்தத்தயும் மூடி மிதிச்சு விடணும். மண்ணு கம்மியா போட்டா நாய் தோண்டும், ஈ மொய்க்கும். ஐப்பசி மழை மிச்ச உப்ப எறக்கிடும். இதப் போட்டாச்சுன்னு வழக்கமான உரத்த நிறுத்தக்கூடாது. வளந்த மரத்துக்கு வருசம் 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் வேணும். எலுமிச்சைக்கும் மாமரத்துக்கும் ஒரு கை கூட போடாதீங்க. சொறில தார் ஒட்டியிருந்தா எதுக்கும் வேணாம்.

குமார்: 2023 டிசம்பர்ல எண்ணூர்ல எண்ணெய் கலந்தப்ப ஒட்டுன மாதிரி

தேவா சித்தப்பா: ஆமா

பாக்கியம் அத்தை: நம்ம பக்கம் தென்னை ரெண்டுதான். மூணாவது செவுத்துக்கு அந்தாண்ட, பெரியண்ணன் பக்கம்

குமார்: அது தாத்தா வெச்ச மரம். பொது

பாக்கியம் அத்தை: அத அவர்கிட்ட சொல்லு. 4 வருசமா ஒரு தேங்கா குடுத்தாரா?

தீபா: பெரியப்பா இந்த குரூப்ல இருக்காரு அத்தை 🙏

ரேவதி அக்கா: ஏழு வகை சாதத்துல புளியோதரை யாரு? நான் தேங்கா சாதம்

பாக்கியம் அத்தை: புளியோதரை நானு. தேவா, இன்னிக்கே பொதைக்கணும், சொல்லிட்டேன்

விக்கி: சாயந்தரம் 2 டப்பு நான் பாத்துக்கறேன். மூணாவது?

பெரியப்பா: கடப்பாரை நம்ம வீட்டாண்ட கீது. வந்து எடுத்துக்கோ.

விக்கி: மரத்துக்கும் போடலாமா பெரியப்பா?

குமார்: ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் இல்ல