நீலிமா இப்ராஹிமின் 'வீராங்கனைகள்': படித்த, பார்த்த, கேட்ட அனுபவங்கள்

தாழைமடல்:

நீலிமா இப்ராஹிம் யார் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். டாக்கா பல்கலைக்கழகத்தில் வங்க இலக்கியம் கற்பித்தவர், 1971 வங்கதேச விடுதலைப் போரில் பாகிஸ்தான் படையினரால் சிதைக்கப்பட்ட பெண்களைத் தேடிச் சென்று கேட்டு 'ஆமி பீராங்கனா போல்சி' (நான் வீராங்கனை பேசுகிறேன்) எழுதியவர். கொல்கத்தாவில் நான் வங்க மொழி படித்தபோது எங்கள் ஆசிரியர் அந்த நூலைத்தான் முதலில் கையில் கொடுத்தார்.

நான் குடியிருந்த மாடி வீட்டின் உரிமையாளர் இன்றைய வங்கதேசத்தின் பாரிசாலில் பிறந்தவர். 1971இல் உறவினர் வீட்டை நம்பி எல்லை தாண்டி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் அழைப்பேன். மாலையில் எனக்கு ஒரு கிண்ணம் பொரி, பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து கொண்டுவருவார். அன்று மேசையில் கிடந்த நூலின் அட்டையை நான் உற்சாகமாகக் காட்டி, "எங்கள் மொழியிலும் இதே சொல் இருக்கிறது மாஷிமா, டென்னிஸ் ஆடுகிற பெண்ணையும் ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் வாங்குகிற பெண்ணையும் எங்கள் செய்தித்தாள்கள் வீராங்கனை என்றுதான் எழுதும்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை முந்தானையில் துடைத்தார். நூலை எடுத்து அட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்து, அதன் முதுகின் மேல் பொரிக் கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த இரண்டு நாள் மாடிக்கு வரவில்லை.

1971 டிசம்பர் 22 அன்று புதிய வங்கதேச அரசு அந்தப் பெண்களை மதித்துச் சூட்டிய பட்டம் 'பீராங்கனா' என்பதும், ஊர்வாய் அதை 'பாராங்கனா', அதாவது பரத்தை என்று திரித்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. விளையாட்டுச் செய்தியில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிண்ணம் நினைவுக்கு வருகிறது.

நூலிழை:

திருப்பூரிலிருந்து சென்று டாக்காவை அடுத்த காசிப்பூரில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். டாக்காவின் பிப்ரவரி புத்தகத் திருவிழாவுக்குப் போய் இந்த நூலை வாங்கி வந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், வாங்கியது பெருமைக்காகத்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். திரும்பும் வழியில், நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஓட்டுநர் கண்ணாடி வழியே அட்டையைப் பார்த்துவிட்டு, தம் ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றார். ஊரின் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வங்கதேச அரசு 2015இல் அந்தப் பெண்களை விடுதலைப் போராளிகளின் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியது. அதன் பிறகு அந்த மூதாட்டிக்கும் மாதாந்திர உதவித்தொகைக்கான தாள் வந்ததாம். பணம் வேண்டும், ஆனால் மருமகள் வீட்டார் கண்ணில் அந்தத் தாள் பட்டுவிடக் கூடாது. அரிசிப் பானைக்குள், அரிசிக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறாராம். பணம் வாங்கப் போகும் நாளில் விடியுமுன் எழுந்து அரிசியைக் கைகளால் விலக்கி அந்தத் தாளை எடுப்பாராம். ஓட்டுநர் ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து, அரிசியை விலக்குவது போல் காற்றில் செய்து காட்டினார். எனக்கு அந்தக் கை அசைவுதான் மறக்கவில்லை.

வரலாற்று மாணவன்:

தாழைமடல் எழுதியதில் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. "கேட்டு எழுதியவர்" என்று சொல்வது பாதிதான் சரி. அந்த நூலில் ஏழு பெண்கள் 'நான்' என்று பேசுகிறார்கள், ஆனால் ஏழு பேரின் தமிழும், மன்னிக்கவும், ஏழு பேரின் வங்க மொழியும் படித்த ஒரே ஒருவருடைய மொழிதான். பெயர்கள் மாற்றப்பட்டவை. நீலிமா இப்ராஹிம் 1959இல் பெற்ற முனைவர் பட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்க நாடகமும் சமூகமும் பற்றியது. மேடையில் ஒரு பாத்திரம் முன்னால் வந்து அவையோரை நேராகப் பார்த்துப் பேசுவது போலத்தான் ஒவ்வொரு கதையையும் அவர் அமைத்திருக்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதை அப்படியே வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது அந்தப் பெண்களுக்கும் நியாயமில்லை, அவருக்கும் நியாயமில்லை.

என் அனுபவம் சிறியது. ஒரு வகுப்பில், முகம் முழுவதும் கூந்தலால் மூடி, இரு கைகளையும் முட்டியாக மடித்து முகத்தின் முன் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் புகைப்படத்தைத் திரையில் காட்டினார்கள். நயிபுத்தீன் அகமது எடுத்த, உலகம் அறிந்த படம். நான் பெருமையாக எழுந்து, எடுத்தவர் யார், எந்தப் போர் என்றெல்லாம் பதில் சொன்னேன். "அந்தப் பெண் யார்?" என்று ஆசிரியர் கேட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

இத்தகைய பெண்களின் வாய்மொழி வரலாற்றைச் சேகரிக்க இறங்க நினைப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. எத்தனை அண்ணன் தம்பிகள், வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய், கணவரின் தொழில் ஆகியவற்றை வைத்தே உள்ளூரார் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் சந்திப்பில் அந்த நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்கு முன் அவர் எப்படி இருந்தார், அதற்குப் பின் எதை வைத்துப் பிழைத்தார் என்று கேளுங்கள், ஏனெனில் பலருக்கு அந்த இரண்டையும் பற்றித்தான் சொல்ல அதிகம் இருக்கிறது. எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள், எழுத்தறியாதவர் என்றால் இன்னும் கட்டாயமாக. 1992 மார்ச்சில் டாக்கா சுஹ்ராவர்தி திடலில், போர்க்குற்றங்களை விசாரிக்கப் பொதுமக்களே அடையாளமாகக் கூட்டிய மக்கள் நீதிமன்றத்துக்குக் குஷ்டியாவிலிருந்து மூன்று பெண்களை அழைத்து வந்தார்கள். அவர்கள் படம் செய்தித்தாள்களில் வந்தது. ஊர் திரும்பியபோது அவர்களை வரவேற்றது ஏளனம்தான். மானிடவியலாளர் நயனிகா முகர்ஜி பின்னர் அந்தப் பெண்களிடையே நீண்ட நாள் தங்கி ஆய்வு செய்து, ஊரின் பெயரையே மாற்றி எழுதினார். அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியை முதல் நாளே மேசையில் வைக்காதீர்கள். கணவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் போகாதீர்கள், ஆனால் கணவருக்குத் தெரியாமலும் போகாதீர்கள். அது பின்னால் அந்தப் பெண்ணின் மேல்தான் விடியும்.

பாலாற்றங்கரை:

வரலாற்று மாணவன் சொன்னவை எல்லாம் இருக்கட்டும். எனக்குள் உறுத்துவது வேறு.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பது வழக்கம். என் அப்பா ராணுவ மருத்துவப் பிரிவில் உதவியாளராக இருந்து, போர் முடிந்த கையோடு டாக்காவில் இருந்தவர். சரணடைந்த பாகிஸ்தான் தரப்பினர் ஏறக்குறைய 93,000 பேரை இந்தியாவுக்குக் கொண்டுவரும் வேலையில் அவருக்கும் ஒரு வண்டி வரிசை. அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்வார். கைதிகள் ஏறிய வண்டியில் பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மடியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தாதா, ஜல்" என்று கேட்டாள். அப்பா தம் தண்ணீர்க் குடுவையைக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, குடுவையின் வாயைத் தன் சேலையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அப்பா அதைச் சொல்லும்போது, "கைதியோட சம்சாரம், பாவம், தண்ணிக்குக்கூட மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்று முடிப்பார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் கழித்து அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு என் கைக்கு வந்தது. முன்னுரையிலேயே, கைதிகளோடு முப்பது நாற்பது வங்கப் பெண்களும் போகப் போகிறார்கள் என்று செய்தி அறிந்து நீலிமா இப்ராஹிம் வேறு சில பெண்களோடு அங்கே ஓடியதும், போகாதீர்கள் என்று கெஞ்சியதும், அவர்கள் மறுத்ததும் வருகிறது. தம்மைச் சிதைத்தவர்களோடு போவதைவிடத் திரும்பிப் போய் நிற்கப்போகும் சொந்த வாசல்தான் அவர்களுக்கு அதிக அச்சமாக இருந்தது. மற்றவர்களின் கதைகளை அவர் எழுதுவதற்கு விதையே அந்தச் சந்திப்புதான்.

அப்பா பார்த்த பெண் அவர்களில் ஒருத்தியா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. அவள் தண்ணீரைத் தவிர வேறு எதையாவது கேட்டிருந்தால் அப்பாவுக்கு அந்த மொழி புரிந்திருக்காது. "தாதா" என்பது அண்ணன் என்பதுகூட அவருக்குப் பின்னால்தான் தெரியும். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேனா, சொல்லாமல் விட்டிருப்பேனா என்று இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை.

செம்பருத்தி:

பாலாற்றங்கரை, அப்பா உயிரோடு இருந்திருந்தால் நீங்கள் சொல்லியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்கள் எல்லாரும் கண்ணீரோடு இழுத்துச் செல்லப்பட்டவர்கள் அல்லர். நூலில் வரும் மெஹர்ஜானின் பகுதியைப் படித்தால், போவதும் ஒரு முடிவாக, வேறு வாசல் எதுவும் திறக்காத நிலையில் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவாக இருந்தது புரியும். குடுவையின் வாயைத் துடைத்துக் கொடுத்தவளைப் பாவம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இந்த நூலைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி, முதல் கதையிலேயே நின்றுபோனவள். தாராவின் கதை. மறுவாழ்வு மையத்தில் இருக்கும் மகளைப் பார்க்க அப்பா வருகிறார். பார்க்கிறார், அழுகிறார், அழைத்துச் செல்லாமல் திரும்புகிறார். அவள் பிறகு செவிலியாகி டென்மார்க் போய், அங்கேயே மணந்து, திருமதி நீல்சன் ஆகிறாள். அவள் வெளிநாட்டில் வாழ்ந்த பகுதியெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. அப்பா வாசலைத் தாண்டி வெளியே போகும் இடத்தில், "போய்விட்டு வருகிறேன்" என்று எழுதினேன். நம் வழக்கத்தில் யாரும் "போகிறேன்" என்று சொல்லிப் புறப்படுவதில்லை அல்லவா? ஆனால் அவர் வரப்போவதில்லை. "வருகிறேன்" என்று எழுதினால் தமிழ் வழக்கு, ஆனால் பொய். "போகிறேன்" என்று எழுதினால் உண்மை, ஆனால் எந்தத் தமிழ் அப்பாவும் மகளிடம் அப்படிச் சொல்ல மாட்டார். அந்த ஒரு வரியை ஒன்பது விதமாக எழுதிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினேன். நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இரண்டு பாகங்களாக வந்த இந்த நூலுக்கு மூன்றாவது பாகமும் எழுத நீலிமா இப்ராஹிமிடம் கதைகள் இருந்தன. சமூகம் இறுகிவிட்டது, தம் உடல்நிலையும் இடம்தரவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். 2002இல் காலமானார். நிறுத்தியதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்களைப் படித்திருக்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. முதல் இரண்டு பாகங்களில் பேசிய பெண்களுக்கு மீண்டும் ஒரு தண்டனை வந்துவிடக் கூடாது என்ற கவலையை அருகிலிருந்து பார்த்தவர் அவர்தான், நாம் அல்ல.

தாழைமடல்:

மாஷிமாவின் மனத்தை நான் கலைத்திருக்கக் கூடாது என்று தனிச்செய்தியில் ஒருவர் கண்டித்திருந்தார். அது சரிதான். ஆனால் முதலில் எழுதாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன், வரலாற்று மாணவன் பெயர் மாற்றம் பற்றி எழுதியதால்தான் இது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் மாலை மாஷிமா வழக்கம்போல் கிண்ணத்தோடு வந்தார். நூல் அவர் கவிழ்த்துவைத்தபடியே கிடந்தது, நான் அதைத் தொடவில்லை. உட்காராமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அதில் பாரிசாலை அடுத்த பிரோஜ்பூர்ப் பெண் யாராவது வருகிறாளா என்று கேட்டார். ஊர்களை நான் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை என்றும், எப்படியிருந்தாலும் அந்த அம்மையார் பெண்களின் பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறார் என்றும் சொன்னேன்.

"எல்லார் பெயரையுமா?"

"எல்லார் பெயரையும், மாஷிமா."

"பாலோ கொரேச்சே" என்றார். நல்லது செய்தார் என்று பொருள். பிறகு, முந்தைய கிண்ணத்தை ஏன் கழுவி வைக்கவில்லை என்று கேட்டு அதை எடுத்துக்கொண்டு கீழே போனார்.