மறு: லெசித்தினுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

> மூலச்சொல்லிலேயே மஞ்சட்கரு இருக்கிறது. 'கருக்கொழுமியம்' என்று வைத்துவிடலாமே?

ஐயா, மூலச்சொல் பற்றி நீங்கள் எழுதியது சரிதான். பிரான்சு நாட்டு வேதியியலர் கோப்லே 1840களில் முட்டையின் மஞ்சட்கருவிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் லெசித்தின். மஞ்சட்கருவுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து 1850இல் பெயரிட்டார். 'கொழுமியம்' (கொழுப்பு இனப் பொருள்) இருக்கட்டும், ஆனாலும் 'கரு' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். சைவ வீட்டு அம்மாமார் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டி, "லெசித்தின்னு போட்டிருக்கே தம்பி, முட்டையா?" என்று கேட்பார்கள். "சோயாவிலிருந்து எடுக்கறதும்மா" என்றால்தான் பொட்டலம் கூடைக்குள் போகும். பெயரிலேயே கருவை வைத்துவிட்டால் அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

'பால்மமாக்கி' (நீரையும் எண்ணெயையும் பால்போலக் கலந்து நிற்கவைப்பது, எமல்சிஃபையர்) என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பொட்டலத்தில் ஈ471 என்ற உணவுச் சேர்க்கை எண்ணுடையதும் பால்மமாக்கிதான். அது விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், செடியிலிருந்தும் வரலாம். லெசித்தின் ஈ322. ஹலால் பார்ப்பவருக்கும் சைவருக்கும் இந்த வேறுபாடு பெரிது. தவிர, சாக்லேட்டில் தண்ணீர் அநேகமாகக் கிடையாது. அங்கே பால்மம் ஏது? சர்க்கரைத் துகளைச் சுற்றிப் படிந்துகொண்டு, கொக்கோ வெண்ணெயில் அது வழுக்கி ஓடச் செய்கிறது லெசித்தின். நூற்றுக்கு அரைப் பங்குகூட வேண்டாம், சாக்லேட் குழம்பு இளகிவிடும். விலை கூடிய கொக்கோ வெண்ணெயும் மிச்சமாகும். மார்ஜரினில் நீரையும் கொழுப்பையும் பிரியவிடாமல் பிடிக்கிறது, கல்லில் போட்டால் தெறிப்பதைக் குறைக்கிறது. பெயின்ட்டில் நிறத்தூளை எண்ணெயில் பரவவிடுகிறது. எங்கே போனாலும் ஒரே வேலைதான்: ஒட்டாத இரண்டைச் சேர்த்துவைப்பது. அதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும்.

ஆகவே என் முன்மொழிவு: இணைகொழுமியம்.

எண்ணெய் ஆலையில் இதைப் பிசின் என்கிறார்களே, 'சோயாப்பிசின்' போதாதா என்றும் யோசித்தேன். பச்சை சோயா எண்ணெயில் கொஞ்சம் வெந்நீர் கலந்தால் இது நீரை வாங்கி உப்பிக் கனத்துவிடும்; சுழற்றிப் பிரித்து உலர்த்தினால் தேன்போலப் பழுப்பாக நிற்கும். பார்வைக்குப் பிசின்தான். ஆனால் கருவேலம்பிசினும் பாதாம்பிசினும் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) இனம், இது கொழுப்பு இனம். பிள்ளைகள் குழம்புவார்கள்.

'நினைவுச்சத்து' என்ற பரிந்துரையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதில் கோலின் என்ற சத்து உண்டு, கல்லீரலுக்கும் நரம்புக்கும் அது வேண்டும், உண்மை. ஆனால் மறதிநோயாளிகளுக்கு லெசித்தின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தெளிவான பலன் தெரியவில்லை. மாத்திரை டப்பாவின் விளம்பரம் கலைச்சொல்லுக்குள் நுழையக்கூடாது.

இலக்கணம் அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகக் கொண்டு 'க்' போடாமல் எழுதியிருக்கிறேன்; சரிதானா? முன்னால் 'சோயா' கட்டாயம் வரவேண்டும், சோயா ஒவ்வாதவர்கள் தேடுவது அந்தச் சொல்லைத்தான். 'சோயா இணைகொழுமியம்' என்று பிரித்தே எழுதலாமா?

அன்புடன்,
பினாங்கிலிருந்து