பிபிஐ, டிபிஐ: பொங்கல் வாழ்த்து அட்டைக்குக் கேட்கும் ‘300’ எது?

தஞ்சாவூரிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். அச்சுக் கலைச்சொற்களைத் தமிழாக்கும் நம் பேச்சில், ரெசல்யூஷனுக்குப் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவுக்கு) ‘படத்தெளிவு’ என்று வந்த முன்மொழிவை ஏற்க முடியவில்லை. கை நடுங்கி எடுத்த படத்திலும் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்கலாம், தெளிவு இருக்காது. பிபிஐக்குப் (படத்தில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) ‘படப்புள்ளி அடர்த்தி’, டிபிஐக்கு (அச்சுப்பொறி அங்குலத்துக்கு எத்தனை மைத்துளி இடும்) ‘மைத்துளி அடர்த்தி’ எனலாம். இரண்டையுமே டிபிஐ என்று சொல்லிப் பழகியதால்தான் குழப்பம்; வாழ்த்து அட்டைக்கு அச்சகம் கேட்கும் 300 பிபிஐதான். இங்க்ஜெட் பெட்டியில் 5,760 x 1,440 என்று போட்டிருப்பது மைத்துளிக் கணக்கு. பல துளி சேர்ந்துதான் ஒரு படப்புள்ளியின் நிறம் தாளில் வருகிறது.

கும்பகோணத்திலிருந்து:

> ‘படப்புள்ளி அடர்த்தி’

ஐயா, பிரித்தது சரி, ‘அடர்த்தி’ ஆகாது. அச்சகத்தில் அது மைக்கு உரியது, டென்சிட்டோமீட்டரில் அளப்பது. ‘நெருக்கம்’ என்போம். நம் பக்கம் நடவில் புழங்கும் சொல்தானே: இருக்கிற நாற்றையே கூடுதல் பரப்பில் நட்டால் நெருக்கம் குறையும். வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் வரும் பெரிய கோயில் படம் நீளவாக்கில் சுமார் 1,600 படப்புள்ளி. 7 அங்குல அட்டையில் நெருக்கம் சுமார் 229, தேறும். விரித்தால் 10 அங்குலம் வரும் அட்டை முழுக்கப் பரப்பினால் 160தான். விமானத்துச் சிற்பங்கள் குழைந்துவிடும். போட்டோஷாப்பில் 300 என்று தட்டினால் தீராது. ரீசாம்பிள் (புள்ளி எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக்கை எடுத்தால் படம் 5.3 அங்குலமாகச் சுருங்கும். டிக் இருந்தால் இல்லாத புள்ளிகளை மென்பொருளே ஊகித்து நிரப்பும். அசலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 300 நெருக்கத்தில் 5 x 7 அங்குல அட்டைக்கு 1,500 x 2,100 படப்புள்ளி வேண்டும். வெட்டுக்கு நாற்புறமும் 3 மி.மீ. சேர்த்தால் 1,571 x 2,171.

மயிலாடுதுறையிலிருந்து:

நெருக்கத்துக்கே என் ஓட்டும். ஆனால் ஆப்செட் அச்சின் எல்பிஐ (படத்தைச் சிறு மைப்புள்ளிகளாக்கும் திரையில் அங்குலத்துக்கு எத்தனை வரி) விட்டுப்போயிற்று. அது ‘திரைவரி நெருக்கம்’. 300 என்பதே 150 வரிக்கு இரு மடங்கு என்ற கணக்கு. ஆர்ட் கார்டில் (பூச்சுள்ள வழவழப்பான அட்டை) 175 வரி போட்டாலும் ஒன்றரை மடங்கு, அதாவது 263, போதும். 600க்கு ஏற்றினால் கோப்புதான் பருக்கும். பூச்சில்லாத தாளுக்கு 150 வரியே அதிகம், மை பரவி நிழற்பகுதி அடைத்துக்கொள்ளும். வெட்டுக்கு விடும் ஓரத்துக்கு, அதாவது பிளீடுக்கு, ‘கசிவு’ வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்: அந்த ஓரத்தை மைப்பரவல் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘வெட்டுமிகை’ என்று வைக்கலாம்.