பழைய கேமிங் பிசி, கையில் 25,000: முதலில் எதை மாற்றினீர்கள்?

என் கதையோடு ஆரம்பிக்கிறேன், உங்களுடையதையும் சொல்லுங்கள்.

2018-இல் அசெம்பிள் செய்த பிசி. ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. 2023 தீபாவளி போனஸில் 25,000 ஒதுக்கினேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமை 1080பி-யில் திக்காமல் ஓட்ட வேண்டும், ஆசை அவ்வளவுதான். கார்டை மாற்றினால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600 ஒன்றை 13,000-க்கு வாங்கி வந்தேன்.

கேபினட்டைத் திறந்ததும் முதல் சிக்கல். கார்டு 8 பின் கேபிள் கேட்கிறது, என் பவர் சப்ளையில் இருப்பது ஒரே ஒரு 6 பின். பழைய 1050 டிஐ ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடிவிடும் என்பதால் இத்தனை வருடம் இதைக் கவனிக்கவே இல்லை. கடைக்கு போன் போட்டால், "கன்வெர்ட்டர் இருக்கு சார், நூறு ரூபாதான், மாட்டிக்கலாம்" என்றார்கள்.

வாங்கியிருப்பேன். எதற்கும் பார்ப்போம் என்று சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்ன கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். கார்டுக்கு 132, ப்ராசஸருக்கு 65, கூட்டினால் 197. ஃபேனுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் கணக்கே இல்லை. 450 என்பது கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்தவர்களின் நல்ல மனசு! மறுநாள் 4,200 கொடுத்து 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) தரச் சான்று உள்ள சப்ளை ஒன்று வாங்கினேன். வயிறு எரிந்தது, ஏனென்றால் கேமில் நொடிக்கு ஒரு ஃப்ரேம்கூட அதனால் ஏறாது.

மாட்டி ஓட்டினால், கேம் இன்னும் திக்குகிறது. செயிண்ட் டெனிஸ் நகருக்குள் குதிரை நுழைந்தாலே ஸ்லைட் ஷோ. கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்கிறது, 99-இல் நிற்க வேண்டியது. 13,000 ரூபாய்க் கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சரி, ப்ராசஸர்தான் காலி என்று நினைத்து டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால், வேகம் 2133 என்று இருக்கிறது. ரேம் டப்பாவில் போட்டிருந்தது 3000. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் இடம்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாமலே ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறேன். அதோடு ஒரே ஸ்டிக் என்பதால் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே பாதிப் பாதைதான் திறந்திருந்தது.

அதே மாடலில் இன்னொரு 8 ஜிபி, 1,700 ரூபாய். 3000-இல் போர்டு பூட் ஆக மறுத்தது, 2933-இல் நின்றது. முதல் தலைமுறை ரைசனுக்கு அந்த அடம் உண்டு. அன்றிரவு செயிண்ட் டெனிஸில் டிராம் பின்னாலேயே திக்காமல் போய்க்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் கழித்து ரைசன் 5 5600 ப்ராசஸர். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே புது பயாஸ் ஏற்றிவிட வேண்டும், மாற்றிய பிறகு ஏற்றலாம் என்று விட்டால் டிஸ்ப்ளே வராது. பாதியில் கரண்ட் போனால் போர்டு போச்சு என்பதால் பக்கத்து வீட்டு அண்ணனின் யூபிஎஸ்ஸைத் தூக்கி வந்து ஏற்றினேன். அத்தனை ஜாக்கிரதைக்கும் அப்புறம், கூலரை நேராக மேலே இழுத்தேன். காய்ந்த தெர்மல் பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு பின் வளைந்துவிட்டது. மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் முனையை பின்னில் நுழைத்து நிமிர்த்தினேன். கொஞ்ச நேரம் கேம் ஆடி பேஸ்ட்டைச் சூடாக்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் திருகித்தான் எடுக்க வேண்டுமாம். அதே பழைய ப்ராசஸரைத் தம்பி பிசியில் போட்டு இன்னும் ஓடுகிறது.

*

அண்ணே, உங்களுக்காவது 8 பின் மட்டும்தான் இல்லை. எனக்கு பவர் சப்ளையையே மாற்ற முடியவில்லை.

கோவையில் ஒரு ஆபீஸ் காலி செய்தபோது கிடைத்த பிராண்டட் டெஸ்க்டாப், ஐ5 4570. நாலு கோர், நாலு த்ரெட். போர்டில் வழக்கமான 24 பின் கிடையாது, அந்தக் கம்பெனிக்கே உரிய ஒரு சாக்கெட். கேபினட்டும் ஒல்லி, பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். ஆர்எக்ஸ் 6400 வாங்கப் போனவனை நண்பன் தடுத்தான். அந்தக் கார்டு நாலே லேன்தான் (தரவு போகும் பாதை) பயன்படுத்தும், என்னுடையது போல பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் போட்டால் அந்த நாலும் பாதி வேகம். அதனால் லோ ப்ரொஃபைல் ஜிடிஎக்ஸ் 1650, தனிக் கேபிள் வேண்டாத மாடலாகத் தேடி எடுத்தேன். ப்ராசஸருக்கு அதே சாக்கெட்டில் பழைய ஐ7 4770, எட்டு த்ரெட். ஜிடிஏ 5-க்கு இது தாராளம்.

ஆனால் இன்று யாராவது 4-ஆம் தலைமுறையில் காசு போடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் விண்டோஸ் 11-இல் வாலரண்ட் கேம் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். உங்கள் ரைசன் 1600-உம் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. தெரிந்தோ தெரியாமலோ தப்பித்தீர்கள்.

*

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர்களுக்கு என்னுடைய அசட்டுத்தனம் உதவும்.

2022 செப்டம்பரில், ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டு வைத்து மைனிங் செய்வது நின்றதும் சந்தையில் கார்டுகள் கொட்டின. 'ஆர்எக்ஸ் 580 8 ஜிபி' ஒன்றை விளம்பரம் பார்த்து ஒரு பார்க்கிங்கில் சந்தித்து வாங்கினேன். ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை, கூச்சம். வீட்டில் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு) எண்ணிக்கை 2048. நிஜமான 580-க்கு 2304 இருக்க வேண்டும். 580 என்ற பெயரோடு, உள்ளே 570-க்குச் சமமான சிப்போடு வந்த வேறு மாடல் அது. கார்டின் பயாஸும் மைனிங்குக்காக மாற்றப்பட்டிருந்தது. அரை மணி நேரம் ஆடினால் திரையில் பச்சைப் புள்ளிகள் கோலம் போட்டன. அசல் பயாஸை ஏற்றி, தெர்மல் பேட் மாற்றியதும் புள்ளிகள் போயின. 2048 அப்படியேதான் இருக்கிறது.

இப்போது யாருக்குத் துணைக்குப் போனாலும் பென் டிரைவில் ஜிபியு-இசட் எடுத்துப் போகிறேன், விற்பவர் வீட்டிலேயே இருபது நிமிடம் கேம் ஓடவேண்டும் என்கிறேன். ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிப் பார்ப்பேன். கரகரவென்றால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

*

நான் காலேஜ் பையன், பட்ஜெட் 3,000-தான். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, மீதிக்கு தெர்மல் பேஸ்ட், பெயிண்ட் பிரஷ். கூலரைக் கழற்றினால் ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கம்பளி விரித்தது போலத் தூசி. 94 டிகிரியில் கொதித்த ப்ராசஸர் 71-க்கு இறங்கியது. ஃப்ரேம் கூடியதா என்று கேட்டால், கொஞ்சம். ஆனால் கேம் லோட் ஆவதற்குள் சாப்பிட்டுவிட்டு வரும் பழக்கம் போய்விட்டது. ரேமும் போடலாமா அண்ணே?

*

தம்பி, 8 ஜிபி ஒரே ஸ்டிக் என்றால் போட்டுவிடு. ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது, நான் 1,700 என்று எழுதியதை கடையில் போய்ச் சொல்லிவிடாதே. யாராவது பழைய பிசி விற்கிறார்களா என்று விசாரி. வாங்கும் முன் உன் போர்டு ஏற்கும் ரேம் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்துக்கொள், இரண்டுக்கும் ஸ்டிக்கின் நடு வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.